பஸ்ஸில் உன் இடம்

பாப்பு,

சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். ஃபிளாஸ்கில் பால் இருக்கிறது. அப்பா மதியம் வந்துவிடுவார். விளையாடப் போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போ.

நேற்று "சரிங்க டீச்சர்" என்று பள்ளியில் சொல்வதுபோலவே வீட்டிலும் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாய். சுருக்கென்று இருந்தது. இந்தப் பருவத்தில் பள்ளிச் சுற்றுலாவில் நூலகத்துக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் நீ வந்துவிட்டாய். உன் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண் எதற்கும் வந்ததில்லை. இன்று மலைக்குப் போகும் பஸ்ஸிலோ இன்னொருவருக்கு இடமில்லை. வேறு யார் பிள்ளையை நான் இறங்கச் சொல்வேன்? ஆனாலும் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் பட்டியலில் உன் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதியது தப்புதான்.

சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

அம்மா

பின்குறிப்பு: என் பையை மூடப் போனேன். மேலேயே உன் சிவப்பு ஸ்வெட்டர், அதில் குத்திய துண்டுச்சீட்டு: "அவகிட்ட ஸ்வெட்டர் கிடையாது. அவளுக்கு பஸ்ல வாந்தி வரும், ஜன்னலோரம் உட்கார வைங்க. எனக்கு இன்னும் கோபம்தான்."

கோபம் தீருவதற்கு முன்பே இதைச் செய்திருக்கிறாயே, கடவுளுக்கு இதைவிட என்ன வேண்டும்! அவளை ஜன்னலோரமே உட்கார வைக்கிறேன். கோபத்தைக் கொஞ்சம் மிச்சம் வை. சாயங்காலம் வந்து வாங்கிக்கட்டிக்கொள்கிறேன்.