பித்தளைக் குடத்தில் தெரியாத மஞ்சள்

ஆரணி
14.9.85

அன்பு மகள் அமலோற்பவத்துக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருக்க வேண்டும். நீ மூன்றாவது படிக்கும்போது சாயக்காரர் பலராமன் கொட்டகையில், அண்டாவிலிருந்த சிவப்புத் தண்ணீர் வெளுத்துப் போனதைப் பார்த்து, "கலரு எங்கம்மா போச்சு?" என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? நூல் குடித்துவிட்டது என்றேன். அந்தக் கேள்வியை இந்த வருடம் நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பலராமன் மனைவி செல்லம்மாள் போய்விட்டாள். புதன்கிழமை எடுத்தோம்.

போன வருடம் லீவில் வந்தபோது, உங்கள் ஆய்வுக்கூடத்தில் யுரேனியம் கலந்த தண்ணீரை நுண்ணுயிர்களை விட்டுச் சுத்தம் செய்து பார்ப்பதாகச் சொன்னாய். கறுப்புச் சாயத்துக்குப் போடும் குரோம் உப்பின் மஞ்சள் கழிவுக்கும் அது உதவும் என்று, கொட்டகைக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி கட்டி, சாக்கடைச் சேறு போட்டு, வெல்லத் தண்ணீர் ஊற்றி மூடிவைக்கச் சொன்னாய். இட்லி மாவு புளிக்கிற மாதிரிதான், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வேலை செய்கின்றன என்று நான் தெருவுக்கே பாடம் எடுத்தேன். எட்டு நாளில் மஞ்சள் போய்விடும், தெளிந்ததை ஓடையில் விட்டு மறுபடி நிரப்புவோம், பத்து மாதம் ஒரு குறையும் இல்லை. "டீச்சரம்மா, சேறும் நூலு மாதிரியே குடிச்சிகினு கீதுங்க" என்று பலராமன் சிரிப்பார்.

செல்லம்மாளுக்கு முழங்கால் வலி, குடிதண்ணீர் பம்போ தெருக்கோடியில். ஒருநாள், "ஏன் டீச்சரம்மா, உங்க பொண்ணு அவ்ளோ படிச்சுத் தெளிய வெச்ச தண்ணி, நான் குடிச்சா கரைஞ்சா பூடுவேன்?" என்று கிண்டலாகக் கேட்டாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். குடிக்கவே கூடாது என்று நீ எழுதிய கடிதம் என் பெட்டியில் இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் மூன்று முறை சொல்லியிருப்பேன்.

ஆகஸ்டில் காலரா பயம் வந்து வீட்டுக்கு வீடு பிளீச்சிங் பவுடர் கொடுத்தார்கள். கிணற்றில் போட்டால் தண்ணீர் நல்லதாகும் என்பது எல்லோரும் அறிந்தது, அதனால் செல்லம்மாள் அந்தத் தண்ணீரைக் குடிக்க எண்ணி, தொட்டியிலும் கொட்டிக் கழியால் நன்றாகக் கலக்கி, தெளிய விட்டிருக்கிறாள். அந்த உயிர்கள் செத்து, பத்து மாதம் சேறு குடித்த குரோம் விஷமெல்லாம் தண்ணீருக்குத் திரும்பிவந்தது என்று நினைக்கிறேன், சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். பட்டில் பிளீச்சிங் பட்டால் சாயத்தைக் கக்கிவிடும் என்று பலராமனுக்குத் தெரியும், சேற்றுக்கும் அதே கதிதான் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் மொண்டது பித்தளைக் குடத்தில், மஞ்சள் தெரியவில்லை. கசந்ததற்குப் பிளீச்சிங்தான் காரணம் என்று எண்ணிக்கொண்டாளாம். நான்கு நாள் குடித்தாள். ஓயாத வாந்தி, பிறகு சிறுநீர் நின்றது, வேலூருக்குக் கொண்டுபோயும் தாங்கவில்லை. திரும்பி வந்து குடத்தில் மிச்சமிருந்ததை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினேன். மஞ்சள் கரைத்த மாதிரி இருந்தது.

பலராமன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "டீச்சரம்மாவே சிரிச்சிக்கினு போனாங்க, ஒண்ணும் ஆவாதுன்னு எங்கிட்ட சொன்னா அவ" என்று மட்டும் சொன்னார். தொட்டியை உடைத்துச் சேற்றை ஓடையில் தள்ளலாம் என்கிறார்கள் மற்ற சாயக்காரர்கள். அது இன்னும் எத்தனை குடத்துக்குப் போகுமோ என்று கெஞ்சி நிறுத்தி, கோணிப்பை போட்டு மூடியிருக்கிறேன். அந்தச் சேற்றை எங்கே, எப்படிப் புதைப்பது என்று உடனே எழுது. உன் படிப்பின் மேல் பழி போட்டுக்கொள்ளாதே, சொல்லாமல் விட்டவள் நான். செல்லம்மாளுக்காக ஒரு செபம் சொல், மாதா உன் கூடவே இருப்பாள். இனி யாருக்காவது இந்த முறையைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன், உன் சோதனைக்கு வைத்திருக்கும் மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் ஒரு பித்தளைச் செம்பில் ஊற்றி, குனிந்து பார்.

உன் அம்மா,
சகாயமேரி