கடைவாசல் வரை போன குன்று

என் அன்புப் பவளம்,

செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுபவர்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். சிரித்துக்கொள். இன்று உன்னிடம் அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும்.

உன் சோபாவுக்கு மேலே தொங்கிய அந்த இத்தாலியப் படம். ஒரு மொட்டைக் குன்று, ஒரு சுவர், ஒரு துண்டு வானம், வெறும் அச்சுப்பிரதி. ஆளில்லை, ஆடுகூட இல்லை. "காணி விக்கிற விளம்பரமோ?" என்று வரும்போதெல்லாம் கேட்டேன். நீயோ தேத்தண்ணியோடு அதன் முன்னே அரைமணி நேரம் பேசாமல் இருப்பாய். நீ போனபின் வீட்டைக் காலிசெய்த உன் மகள் சுதா, படம் வேண்டுமா என்று என்னைக் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

இன்று முதியோர் சங்கத்துடன் ஓல்போர்க் ஓவியக்கூடத்துக்குப் போனேன். போன நூற்றாண்டின் இத்தாலிய நிலக்காட்சிகள். மூன்றாம் அறையில் உன் குன்று நின்றது, பவளம்! அச்சல்ல, அசல்!

நான் என்ன செய்திருப்பேன்? டென்மார்க் வந்து சேர்ந்த இக்காஸ்ட் துணியாலையில், விளக்கு மேசைமேல் ஓடும் துணியில், நாமிருவரும் வருடக்கணக்காய்ச் செய்ததையே செய்தேன்: குறை தேடினேன். சுவரின் நிழல் தப்பான பக்கம் விழுந்திருந்தது. பிடித்துவிட்டேன் என்று மகிழ்ந்தேன். அப்போதுதான், என் முதல்நாள் வேலையில் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. "முறைச்சுப் பாத்தா ஒண்டும் தெரியாது அக்கா. கண்ணைத் தளர விடுங்கோ, துணி தானாக் காட்டும்." பட்டதாரியான எனக்கு அன்று கோபம் வந்தது.

இன்று தளர விட்டேன். நிழல் சரியாகவே இருந்தது. சூரியன் எந்தப் பக்கம் என்று நானாகத்தான் தீர்மானித்திருந்தேன். வெறும் பழுப்பென்று தள்ளிய சுவருக்குள்ளிருந்து ரோசா நிறமும் சாம்பலும் மெல்ல மேலே வந்தன. இத்தனை வருடமும் நீ இதையா பார்த்துக்கொண்டிருந்தாய்?

சுதா உன் பொருட்களைப் பழம்பொருள் கடைக்குக் கொண்டுபோகும் நாள் இன்று என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கேயே நின்று அவளைக் கைபேசியில் அழைத்தேன்.

"படம் எங்கை?"

"காரிலை, மாமி. கடை வாசல்ல நிக்கிறன்."

"இறக்காதையடி! என்ரை வீட்டுக்குக் கொண்டு வா!"

"நீங்கள்தானே வேண்டாமெண்டனீங்கள்?"

"ஓம். பிழை விட்டிட்டன். கொண்டு வா."

சங்கமே திரும்பிப் பார்த்தது; காவல் பெண் உதட்டில் விரல் வைத்தாள். என் வாயிலிருந்து "பிழை விட்டிட்டன்" என்று நீ ஒருமுறையாவது கேட்டிருக்கிறாயா?

படம் இப்போது என் சுவரில் இருக்கிறது. சுதா அடித்த ஆணி கொஞ்சம் சரிவு. அது என் கண்ணுக்குத் தப்பவில்லை. நாளை முதல் தினமும் அரைமணி நேரம், தேத்தண்ணியோடு, வாய்திறக்காமல் அதன் முன்னே இருப்பேன். எவராவது வந்து விளம்பரமோ என்று கேட்டால், நீ என்னைப் பொறுத்ததுபோல் நான் அவர்களைப் பொறுக்க மாட்டேன்.

விளக்கு மேசையின் மறுபக்கத்து உன் அக்கா,
யோகம்