கல்லாவுக்கு மேலே உள்ள கேமரா

அன்புள்ள அப்பாவுக்கு,

மஸ்கட்டிலிருந்து சுயம்புலிங்கம் வணங்கி எழுதுவது. சுகர் மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? போனில் அம்மாவைப் பற்றிய பேச்சு வந்ததுமே இருவரில் ஒருவர் போனை வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆபீஸ் கேமராக்களுக்கான பழைய சர்வர் நிறைந்துபோய், பழைய படங்களை அழித்துவிட்டுப் புதியதைப் பதிந்துகொண்டிருந்தது. புது சர்வர் வாங்கக் கிளம்பினார்கள். அதெல்லாம் தேவையில்லை என்று, உள்ளே காலியாகக் கிடந்த இடங்களில் விலை குறைந்த ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டிவிட்டேன். மேனேஜர் பிரியாணி வாங்கித் தந்தார்.

சாப்பிடும்போதுதான் நம் மடவார் வளாகத்துக் கடை நினைவுக்கு வந்தது. அங்கேயும் இதே கதைதான். அம்மா கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைசி நாட்கள் இன்னும் அங்கே கேமரா படம் பதிவாகும் பெட்டியில் இருக்கும். இந்த வாரம் போனால் அதுவும் அழிந்துவிடும். கடைசியாக முகம் பார்க்கக்கூட லீவு கிடைக்காத எனக்கு மிச்சம் அதுதான்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் கூமாப்பட்டி பாண்டிதுரையிடம் புது டிஸ்க் ஒன்று கொடுத்திருக்கிறேன். "நானே மாட்டித் தாரேன்ணே" என்றான். அவன் கழற்றித் தரும் பழையதை அம்மா சேலையில் சுற்றி பீரோவில் வையுங்கள். நீங்கள் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

டூட்டிக்கு வண்டி வந்துவிட்டது.

கடை அடைக்கும் முன் அம்மா கேமராவை நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டியாலே?" என்பாள். அதில் சத்தம் வராது. நான் இங்கே போனில் அந்தக் கேமரா படத்தைப் பார்த்துத் தலையாட்டுவேன்.

சுயம்பு