சவுக்குத் தோப்பில் எல்லம்மா

கிழக்குத் தாம்பரம்
12-2-1991, செவ்வாய்

அன்பு மகள் ஞானஜோதிக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்காலைத் தவிர, அது நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஷில்லாங் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று தினமும் ஜெபத்தில் கேட்கிறேன், ஆனால் பதில் உன்னிடமிருந்துதானே வரவேண்டும், போன கடிதம் ஒன்றரைப் பக்கம்கூட இல்லை. பேங்கில் ஆபீசரானதும் அம்மாவுக்கு எழுதுகிற வரிகள் குறைந்துவிட்டனவா? ஸ்வெட்டரைப் பெட்டியில் மடித்து வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள்.

இன்று ஒரு தப்பையும் ஒரு அதிசயத்தையும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகென்றால் தைரியம் வராது. நீ ரயிலேறிய பதினைந்தாம் நாளே உன் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். பதவி உயர்வு வேண்டாம், பழையபடி தாம்பரத்திலேயே கிளார்க்காகப் போடுங்கள் என்று. கீழே உன் கையெழுத்தையும் நானே போட்டேன், ‘ஞா’வை நீ சுழிக்கிற சுழி உள்பட. அப்பன் கையெழுத்தைத் தானே போட்டு வருகிற பிள்ளையைப் பெஞ்சுமேல் ஏற்றுகிற டீச்சர் செய்த வேலை இது. உங்கள் யூனியன் அப்பாதுரை சார் அதை மேலிடத்தில் கொடுத்து முடித்துத் தருவதாகச் சொல்லி, திங்கட்கிழமை கொண்டு வரச் சொன்னார். அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. காகிதம் என் கைப்பையில் இருந்தது.

அந்தக் கைப்பையோடுதான் வெள்ளிக்கிழமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரைக் கேம்ப் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இதுதான் முதல் தடவை. கோவளத்துக்குத் தெற்கே சபையாருடைய ஒரு விடுதி, சுற்றிலும் சவுக்குத் தோப்பு, இரண்டு ராத்திரி தங்கல். மணல்மேட்டில் ஏறியதும் கடல். இத்தனை கிட்டத்தில் பிறந்து வளர்ந்தும் பாதிப் பிள்ளைகள் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை ஜோதி. முப்பத்தொரு வாயும் ஒரே நேரத்தில் அடங்கிப்போனது. முப்பது வருஷம் ஸ்கேலால் மேசையைத் தட்டியும் எனக்குக் கிடைக்காத அமைதி அது. ஒரு பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்து, டீச்சர் இதை ராத்திரியில் நிறுத்திடுவாங்களா என்று ரகசியமாகக் கேட்டது.

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் பந்தியில் உட்காருகிற நேரம், சமையல்கட்டுக்குப் பின்னால் பார்க்கிறேன், சவுக்கு மரத்தோடு மரமாக எல்லம்மா நிற்கிறாள், கையில் சோற்றுத் தூக்கு. அவள் பல்லாவரம் தோல் கம்பெனியில் வேலை செய்கிறவள், அவள் மகள் பேபி என் வகுப்பு. முன்னால் பிறந்த இரண்டும் தங்காமல் மூன்றாவதாக நின்ற பிள்ளை, அதனால் பத்து வயதாகியும் ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் இவள்தான் ஊட்டவேண்டும், பள்ளிக்கூடத்தில் அது பன் ரொட்டியைத் தவிர எதையும் தொடாது. இரண்டு பஸ் மாறி மணலில் நடந்து வந்திருக்கிறாள். எம் பொண்ணு நேத்துலேர்ந்து ஒண்ணும் துன்னுருக்காது, வழி வுடு டீச்சரம்மா, ஊட்டிட்டுப் போய்க்கினே இருக்கேன் என்று அழுகை. உள்ளே விட்டால் முப்பத்தொரு பேரும் அம்மா அம்மா என்று கிளம்பிவிடுவார்கள் என்று நான் கண்டிப்பாக மறுத்தேன், கீற்றுத் தட்டி இடுக்கு வழியாக ஒரு தரம் பார்த்துவிட்டுப் போ என்றேன். அவளோடு நானும் பார்த்தேன்.

பேபி சம்மணம் போட்டு, சோற்றில் குழி பண்ணி, சாம்பாரை ஊற்றிப் பிசைந்தது. முழங்கை வரைக்கும் வழிந்ததை நக்கிக்கொண்டது. இரண்டாம் தரமும் சோறு வாங்கியது. பக்கத்தில் அருள்மேரி என்று ஒரு சின்ன உருவம், சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தது. பேபி ஒரு உருண்டை உருட்டி, இடது கையை மோவாய்க்குக் கீழே ஏந்தி, அதற்கு ஊட்டியது. எல்லம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஐயே, இன்னா டீச்சர் இது, நான் ஊட்டுறாப்பலயே ஊட்டுது, எங்கையி அதுகிட்ட கீது என்றாள். அவள் பயந்தாளா சந்தோஷப்பட்டாளா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. பிறகு சவுக்கு நிழலில் உட்கார்ந்து, தூக்கைத் திறந்து, கருவாட்டுக் குழம்பும் சோறும் முழுவதையும் அவளே சாப்பிட்டாள், எனக்கும் ஒரு கவளம் கொடுத்தாள். இம்மாம் நாளா நான் ஒக்காந்து துன்னதே இல்ல என்றாள். மகளைக் கூப்பிடாமலே போய்விட்டாள், ஆனால் பஸ் ரோடு போகும்வரை நாலு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அவள் கொண்டு வந்தது தீர்ந்தது. நான் கொண்டு வந்தது கைப்பையிலேயே இருந்தது. ஞாயிறு காலை ஆராதனைக்குப் பிள்ளைகளைக் கரையில் உட்கார வைத்தபோது சூரியன் தண்ணீரிலிருந்து எழும்பியது. எங்களுக்கு முன்பே உன் ஊரில் விடிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாயே. இந்தச் சூரியனை அரைமணிக்கு முன்பே என் மகள் பார்த்துவிட்டாள், யாரும் கைபிடித்துக் கூட்டிப் போகாமல் அவளே பார்த்தாள் என்று நினைத்தேன். பாட்டு ஆரம்பிக்க வேண்டிய நான் கிழக்கையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன், பேபிதான் ஆரம்பித்தது.

நேற்று அப்பாதுரை சார் வீட்டுக்கு நான் போகவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே மெட்டில்டா என்றார் அவர். அந்த விண்ணப்பத்தை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். நான் போட்ட கையெழுத்தை மை அழுந்த அடித்திருக்கிறேன், அதற்குக் கீழே இடம் இருக்கிறது. திரும்பி வரவேண்டும் என்று உனக்கே தோன்றினால் நீ போடு. தோன்றாவிட்டால் குளிருக்கு அடுப்பு மூட்ட உதவும். என்னை மன்னித்துக்கொள்.

உன் போக்கையும் உன் வரத்தையும் ஆண்டவர் காப்பாராக. அங்கே என்ன சமைத்துச் சாப்பிடுகிறாய் என்று மறக்காமல் எழுது. இந்த மாதம் பருப்புப் பொடி பார்சல் வராது. உனக்காக இடித்து வைத்ததை நானும் அப்பாவும் நெய் விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். நன்றாகத்தான் இருக்கிறது.

அன்புள்ள அம்மா,
மெட்டில்டா எட்மண்ட்
(இந்தக் கையெழுத்து என்னுடையதுதான்.)