சங்கு ஊதச் சொன்னவர்

2025 பெப்ரவரி 3

மடுல்சீமைக்கு ஒழுங்காக பஸ் வர ரோடில்லை. சுற்றிப்பார்க்க வரும் வெள்ளைக்காரன் வந்திறங்க மட்டும் தோட்டத்துக்காரர்கள் பிளேன் ரோடு போட்டுவிட்டார்கள். அதற்கு இன்றுமுதல் என் வீட்டுக்காரர் கிருஷ்ணராஜ்தான் வாச்சர்.

இந்தப் பக்கம் தேயிலை மலை, அந்தப் பக்கம் கொழுந்து நிறுக்கும் மடுவம், நடுவில் பிளேன் ரோடு. நிறுவைச் சங்கு ஊதினால் பெண்கள் சாக்கோடு குறுக்கே ஓடித்தான் ஆக வேண்டும். பிந்தினால் கணக்கப்பிள்ளையின் வாயில் விழ வேண்டும்.

கொழுந்தெடுக்கும் என் அக்கா விஜி இவரைப் பார்த்து, "என்னா மாப்பிள்ள, பைலட்டா?" என்று கேட்டுச் சிரித்தாள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

பெப்ரவரி 12, காலை

நான் வேலை பார்க்கும் பிள்ளைக் காம்பராவில், மலைக்குப் போன பெண்களின் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன். நேற்று மாடு குறுக்கே போய் பிளேன் இறங்கப் பிந்தியதாம். தோட்டத்தை நடத்தும் தொரை சற்றுமுன் எங்கள் ஜன்னலுக்கு நேரே ஜீப்பை நிறுத்தி இவரை ஏசினார்.

"இனி பிளேன் வர்றப்போ மடுவத்துச் சங்கை ஊது, மாடெல்லாம் விலகட்டும்."

"பொம்பளைங்க நிறுவைன்னு ஓடி வந்துருவாங்களே தொரை?"

"நாளைக்குக் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல சொல்லிடலாம். நீ இன்னைக்கே ஊது."

அப்படியென்ன அவசரம்?

மாலை

அக்கா போயிட்டா.

பெப்ரவரி 14

அடக்கம் முடிந்தது.

இவர் சங்கு ஊதினார். நிறுவை என்று நினைத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். அக்காதான் முதல் ஆள். எதற்கும் அவள்தான் முதல் ஆள். பிளேன் அவளை அடித்து, சரிவில் உருண்டு எரிந்தது. பைலட்டும் செத்துப்போனார்.

அக்காவைக் கொழுந்துச் சாக்கில்தான் அள்ளினார்கள். விட்டிருந்தால் கணக்கப்பிள்ளை அதையும் தராசில் போட்டு நிறுத்திருப்பான்.

பெப்ரவரி 17

இவர் பொலிஸில் சொன்னது: "நான் சங்கே ஊதல. கையக் காட்டித் தடுத்தேன். அக்காதான் கேக்காம ஓடுச்சு."

தொரை சொல்லிக்கொடுத்ததாம். "வேல போனா சோத்துக்கு என்னாடி வழி?" என்கிறார்.

த்தூ. உன்னோட சோறு யாருக்கு வேணும்? மாப்பிள்ள மாப்பிள்ளன்னு வாய் நிறையக் கூப்பிட்டவளாச்சே!

சங்கைக் கேட்ட பெண்களுக்கெல்லாம் இப்போது காது கேட்பதில்லை. டிவியில் பைலட்டின் அம்மா, ஒரு முட்டாள் பொம்பளை என் பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று அழுகிறார்.

மார்ச் 2

அக்கா புருஷன் ரமேஸ் அத்தான் வந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் அவருக்குத் தனி வீடு தருவார்களாம்.

"போனவ போயிட்டா. நீ ஒண்ணும் பேசாத நிரஞ்சி."

முப்பத்தோராம் நாள் காரியம்கூட இன்னும் முடியவில்லை.

மார்ச் 20

மரண விசாரணை. நான் பேசினேன். தொரை ஊதச் சொன்னார், இவர் ஊதினார், கூப்பிட்ட சத்தத்துக்குத்தான் அக்கா வந்தாள், அவள் மேல் தப்பில்லை. எனக்குப் பிறகு இரண்டு பெண்களும் எழுந்து, "ஆமாங்க, சங்கு கேட்டுச்சு" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தொரையைக் கேட்டார்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றார். முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. அவர் சொன்னதைக் கேட்டது நானும் தூங்கிய குழந்தைகளும்தான். ஊதவேயில்லை என்று முதலில் சொன்ன இவர், தொரை சொல்லித்தான் ஊதினேன் என்று இப்போது கத்தினால் யார் நம்புவார்கள்?

நான் சொன்னதில் பாதியை நம்பினார்கள். அந்தப் பாதிக்கு இவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"செத்தவளுக்காக என்னயக் குழியில தள்ளிட்டியே" என்றார்.

மார்ச் 21

அக்கா மேல் தப்பில்லை என்று பேப்பரில் வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில்.

ஏப்ரல் 6

சோறு கட்டிக்கொண்டு பதுளைக்கு, ரிமாண்டில் இவரைப் பார்க்கப் போனேன். பார்க்க மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். திரும்பும் வழியில் பசறை பஸ்ஸில் அந்தச் சோற்றை நானே தின்றேன். பசித்தது.

ஏப்ரல் 28

பிளேன் திரும்பவும் வரப்போகிறது. ரமேஸ் அத்தான் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்தார்.

"வாச்சர் வேலய எனக்குக் குடுத்துட்டாங்க நிரஞ்சி. தொரை சொல்றத அப்படியே செய்யணும்னாரு. சரின்னுட்டேன்."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சீனி போதாது என்றார். இன்னும் ஒரு கரண்டி போட்டேன்.