தலைமாட்டுக் கயிறு

அன்பு மகன் டங்கனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. நீயும் ஷோனாவும், பிறந்து பத்து நாள்கூட ஆகாத என் பேத்தியும் அங்கே நியூசிலாந்தில் சுகமாக இருக்கவேண்டும்.

அப்பாவை அடக்கம் செய்ததை ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை, அதான் எழுதுகிறேன். பக்கி ஊரிலிருந்து பெரிய ரோட்டில் போனால் கல்லன் ஊர்க் கல்லறைக்குச் சீக்கிரம் வந்துவிடலாம், நான்தான் கடற்கரை ஊர்கள் வழியாகவே பெட்டி வண்டியை விடச் சொன்னேன். ஃபினெக்டியில் வாசலுக்கு வாசல் ஆட்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். அந்தக் குன்றுமேல் இருக்கிற வெள்ளைச் சர்ச்சை அடையாளம் வைத்துத்தானே அப்பா கடலில் தூண்டில் இறக்குவார். போர்ட்நாக்கியில் வளைவுப் பாறையைப் படம்பிடிக்க வந்தவர்கள் வேனை வழியிலேயே நிறுத்திவிட்டார்கள், எடுக்கும்வரை உட்கார்ந்திருந்தோம், அவருக்கு என்ன அவசரம். அப்புறம் ரயில் ஓடாத அந்தப் பாலத்தடியில் நுழைந்து கல்லன்.

நான் செய்த தப்பு ஒன்று. பெட்டியைக் குழியில் இறக்கும் எட்டுக் கயிற்றையும் யார் யார் பிடிப்பது என்று அடக்கம் நடத்துகிற ஆள் பேர் கேட்டபோது, நீ வரமுடியாது என்று தெரிந்தும் ஒன்றாம் நம்பர், மகன் பிடிக்கிற தலைமாட்டுக் கயிற்றுக்கு, உன் பேரைச் சொல்லிவிட்டேன். வேறு பேர் வாயில் வரவில்லை. குழியோரம் அந்த ஆள் டங்கன் ஃப்ளெட் என்று கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். யாரும் அசையவில்லை. உன் சித்தப்பா வாட்டிதான் வந்து, அண்ணி, பெட்டி சாஞ்சிடும், நான் பிடிச்சுக்கிறேன் என்றார். அப்பா படகை விற்றதிலிருந்து ஆறு வருஷம் அண்ணனோடு பேசாத மனுஷன். உயிரோட இருந்தப்ப ஒரு வாய் டீக்கு வரல, இப்ப தலைமாட்டுக்கு வந்துட்டீங்களா என்று கேட்டுவிட்டு நானே கயிற்றை எடுத்தேன். இங்கே ஸ்காட்லாந்தில் பொம்பளைகள் கல்லறைச் சுவரோரம்தான் நிற்பது வழக்கம், பாதிரியார் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டார். கனமாகத்தான் இருந்தது ராசா, பொய் சொல்லமாட்டேன். பாதியில் கை நழுவியது. சித்தப்பா என் கைக்குக் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நானும் விடச் சொல்லவில்லை. அவருக்கு இரண்டு வரி எழுது, அழுதுகொண்டே போனார்.

உன்மேல் வருத்தமில்லை. பிள்ளை பிறக்கிற வீட்டை விட்டு எப்படி வருவாய். ஷோனாவைத் தண்ணீரில் நிற்கவிடாதே, சூடாகச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். என் கயிற்றைப் பிடிக்க வரவேண்டும் என்று கேட்கமாட்டேன், நீ வந்தது எனக்குத் தெரியவா போகிறது. நான் எழுந்துவந்து கதவைத் திறக்க முடிகிறபோதே வா.

உன் அம்மா,
எல்ஸ்பெத்