விளக்கை அடித்ததும் அவள் திரும்பிவிட்டாள்

என்னங்க, முழங்கால் வலி தேவலையா? அனு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம், பயப்படாதீர்கள்.

நேற்று இங்கிலாந்தில் முதன்முதலாக வாடகைக் கார் எடுத்தேன். எதிரே ஒரு கார் என் பாதையைக் கடந்து திரும்பக் காத்திருந்தது. முட்டுக்காட்டுப் பக்கம் போகும்போது, “லைட்ட அடிச்சுட்டே போ லதா, அவன் நின்னுப்பான்” என்பீர்களே, அப்படியே அடித்தேன். இங்கே அதற்கு ‘நீங்கள் முதலில் போங்கள்’ என்று அர்த்தமாம். அந்தக் காரை ஓட்டிய பெண் சிரித்து, கையசைத்து நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள். பின்சீட்டில் ஒரு குழந்தை இருந்தது. ஒரு முழ இடைவெளியில்தான் என் கார் நின்றது. அந்தச் சிரிப்பை இன்னும் மறக்க முடியவில்லை.

காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறன்று கூப்பிட்டு நன்றாகத் திட்டுங்கள். இங்கே என்னைத் திட்டக்கூட ஆளில்லை. பஸ் வந்துவிட்டது.

லதா